சுவரில் மாட்டிய மெமோ

எந்த அரசு அலுவலகத்துக்குள் போனாலும் சுவரில் ஒரு நற்சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். பெரிய அதிகாரியோடு நின்று எடுத்த போட்டோ இருக்கும், ஒரு கேடயமாவது இருக்கும். ஜவ்வாது மலைமேல் இருக்கும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பாக்கியம் எல்லாம் கிடையாது. தடுப்பூசி மருந்து வைக்கிற குளிர்பெட்டிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மெமோ தொங்குகிறது. ‘தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்’ என்று முடிகிற மெமோ. பெயர்: மதலேனாள், பகுதி சுகாதார செவிலியர். அதற்குப் பக்கத்தில் இன்னொரு காகிதமும் தொங்குகிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

எந்த நிலையம் என்றும் கேட்காதீர்கள். காவலூரிலிருந்து பஸ் பிடித்து வரலாம், அது போதும். என் பெயர் அமீனுல்லா. அங்கே மருந்தாளுநர். சொந்த ஊர் வாணியம்பாடி. தோல் மண்டியில் வந்து உட்காரச் சொன்ன அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு மருந்துப் படிப்பு படித்தவன். மலைக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று என் மனைவி தஸ்லீம் சொல்வாள். உண்மைதான். இதிலும் ஒன்றிரண்டு இடத்தில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதலேனாள் சிஸ்டருக்கு ஐம்பத்தாறு வயது. போளூருக்குப் பக்கத்தில் மலை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அப்பா சைமன் நெல் அரவை மில்லில் மூட்டை தைத்தவர். பொதுவாக எங்கள் இலாகாவில் ஒருவரை மலைக்கு மாற்றினால், யார் யாரையோ பிடித்து ஆறு மாதத்துக்குள் கீழே இறங்கிவிடுவார். இந்த அம்மா ஏறியவர் ஏறியவர்தான். பதினெட்டு வருஷம் ஆயிற்று. கணவர் ஜெபதுரை கலசப்பாக்கத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். சிஸ்டர் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே இறங்குவார், ஞாயிறு பூசை பார்ப்பார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலைக்கு வந்துவிடுவார். அவருக்குக் கீழே ஆறு கிராம செவிலியர்கள். ஆறு பேரும் அவருக்குப் பயப்படுவார்கள். நானும் பயப்படுவேன், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அவர் வந்த புதிதில் ஊசிப் பையைப் பார்த்தாலே மலைப் பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாமைக் கொல்லைக்குள் இறங்கி ஓடிவிடுவார்களாம். காரணம் வேறொன்றுமில்லை. அதற்கு முன்னால் போனவர்கள் ‘வலிக்காதும்மா, ஒண்ணும் பண்ணாது’ என்று சொல்லிப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ராத்திரி குழந்தைக்குச் சுரம் கொதிக்கும், தொடை வீங்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்தப் பெண்களுக்கு ஆத்திரம். மதலேனாள் சிஸ்டர் போய் உட்கார்ந்து, “வலிக்கும். அழுவும். ராவுக்குக் காய்ச்சல் வரும். நாளான்னிக்கு வுட்டுடும். அதுக்கு மேல எதனா ஆச்சுன்னா என் கையப் புடிச்சுக் கேளு” என்று சொன்னார். சொன்னபடியே வலித்தது, சொன்னபடியே காய்ச்சல் வந்தது, சொன்னபடியே விட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் ஓடவில்லை. இன்றுவரை எந்தக் குழந்தையிடமும் அவர் ‘வலிக்காது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இனி அந்த மார்கழிக்கு வருகிறேன். அதற்கு முன் பெட்டி விஷயம் ஒன்று தெரிய வேண்டும். தடுப்பூசி மருந்து சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது. ஊருக்கு எடுத்துப் போகிற பெட்டிக்குள் சுற்றி நாலு ஐஸ் பாக்கெட் வைப்போம். தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தது. அதைக் கல் மாதிரி இருக்கும்போதே உள்ளே வைத்தால் அந்தக் குளிரில் மருந்தும் உறைந்து, பலன் போய்விடும். ஆகவே வெளியே எடுத்து வைத்து, கொஞ்சம் உருகவிட்டு, காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். அப்புறம்தான் பெட்டிக்குள் வைக்கலாம். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் சிஸ்டர் பயிற்சிக்குப் போனது கீழே, சித்திரை வெயிலில். அங்கே அரை மணி நேரத்தில் சத்தம் கேட்டுவிடும். திரும்பி வந்தவர், செவிலியர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஓர் அட்டையில் ‘ஐஸ் பாக்கெட் வெளியே 30 நிமிடம்’ என்று எழுதிக் குளிர்பெட்டிக்கு மேலே ஒட்டிவிட்டார். அழகான கையெழுத்து. பதினோரு வருஷம் அந்த அட்டை அங்கேயே இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகே எல்லாரும் பெட்டி கட்டியதால் ஒரு குறையும் வரவில்லை. அந்த வருஷம்தான் ஜீப் நேரத்தை மாற்றினார்கள். கடைசி ஊருக்குப் போகிற அபிநயா காலை ஆறரைக்கே கிளம்ப வேண்டியதாயிற்று. அபிநயா வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத கிராம செவிலியர். மலையில் மார்கழி ஆறு மணி என்றால் விரல் மடங்காது. அந்தக் குளிரில் ஐஸ் எங்கே அரை மணியில் உருகப் போகிறது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அபிநயா கடைசி ஊரில் பதினோரு குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டு மதியம் திரும்பினாள். மிச்சமான மருந்துக் குப்பியைச் சிஸ்டர் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதைத் திரும்பக் கொடுத்தாலும் அவர் பார்ப்பார், அது பழக்கம். குலுக்கினார். மேஜைமேல் வைத்தார். திரிந்த பால் மாதிரி துகள் துகளாக அடியில் போய் உட்கார்ந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“பாய், இதே பேட்ச் குப்பி ஒண்ணு எடுத்து ஃப்ரீசர்ல வையுங்க. வேணும்னே உறைய வுடுங்க” என்றார்.

மறுநாள் அதை வெளியே எடுத்து உருகவிட்டு, இரண்டு குப்பிகளையும் சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அரை மணி நேரம் சிஸ்டர், அபிநயா, நான் மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டும் ஒரே மாதிரி அடியில் படிந்தன. சந்தேகமே இல்லை, அபிநயா கொண்டுபோன மருந்து உறைந்திருந்தது. பதினோரு குழந்தைகளுக்கும் போட்டது வீண்.

அபிநயா அழ ஆரம்பித்தாள். “கடிகாரம் பார்த்து அரை மணி வச்சேன் சிஸ்டர். சத்தியமா வச்சேன்.”

சிஸ்டர் எழுந்து, குளிர்பெட்டிக்கு மேலே இருந்த அட்டையைப் பிய்த்தார். “வச்சிருப்ப. நான்தானே எழுதி வச்சிருக்கேன். நீ இன்னாத்துக்கு அழுவுற?” என்றார்.

டாக்டர் பெல்வின் சின்ன வயசுக்காரர், நல்லவர். அவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். மேலே தகவல் அனுப்பித்தான் ஆக வேண்டும், குழந்தைகளுக்கு ஊசி திரும்பப் போட்டே ஆக வேண்டும். அதில் யாருக்கும் பேச்சில்லை. ஆனால் டாக்டருக்கு ஒரு சங்கடம். குடியரசு தினத்தன்று நற்சான்றிதழ் வாங்குகிறவர்கள் பட்டியலில் அந்த வருஷம் மதலேனாள் பெயர் போயிருந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. கலசப்பாக்கத்தில் ஜெபதுரை அதற்கென்று தேக்குச் சட்டத்தை அறுத்தே வைத்துவிட்டார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொன்னதை மறைத்து என்ன செய்ய. “ஊருக்கு எதுக்கு சிஸ்டர் எல்லாத்தையும் சொல்லணும்? கவர்மெண்ட்ல இந்த வருஷம் ஒரு ஊசி கூடுதலா குடுத்திருக்காங்கன்னு சொல்லிப் போட்டுட்டு வந்துடலாம். யார் கேக்கப் போறாங்க?”

டாக்டர் தலையைச் சொறிந்தார். அவருக்கும் அது பிடித்திருந்தது என்று தெரிந்தது.

“சுலபந்தான் பாய்” என்றார் சிஸ்டர். “ஊசியும் வேலை செய்யும். ஆனா அந்த ஊர்ல நான் வலிக்கும்னு சொல்லித்தான் இத்தினி வருஷமா போட்டுக்கினு வர்றேன். இப்ப ஒரு பொய் சொல்லிட்டா, அப்பால நான் இன்னா சொன்னாலும் என் காதுக்கே அது பொய்யாட்டம் இருக்கும்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உண்மையச் சொல்லி, ஒருத்தியும் பிள்ளையக் கொண்டுவரலன்னா? தொண்டை அடைப்பான் வந்தா அந்தப் பதினோரு பிள்ளைக்கு யார் பதில் சொல்றது? உங்க மனசு சுத்தமா இருக்கணும்னு பிள்ளைங்கள வுட்டுடுவீங்களா?”

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். டாக்டர் என்னை முறைத்தார். சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கும் அந்தப் பயந்தான் பாய், ராவெல்லாம் தூங்கல. வரலன்னா வூடு வூடா போவேன். வர்ற வரைக்கும் போவேன். சொல்லாம போடறது மட்டும் என்னால ஆவாது.”

அறிக்கையை அவரே எழுதினார். ‘தவறுக்கான காரணம்’ என்ற இடத்தில், ‘நான் எழுத்தில் கொடுத்த தவறான அறிவுரை, செவிலியர் அதன்படியே நடந்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று காலை ஃப்ரீசரைத் திறந்து பாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தவன் நான். அதில் எனக்கும் பங்கு உண்டு. யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் கலசப்பாக்கம் இறங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி என்னையும் அபிநயாவையும் கூட்டிக்கொண்டு கடைசி ஊருக்குப் போனார். ஜீப் பாதை முடிந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ஊர்க்கவுண்டர் ரங்கனுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்ததால் பள்ளிக்கூட வாசலில் ஊர் கூடியிருந்தது. தார்ப்பாயில் சாமை காய்ந்தது. சிஸ்டருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

“புதன்கெழமை உங்க பிள்ளைங்களுக்குப் போட்ட ஊசி வீணாப் போச்சு. மருந்து உறைஞ்சு போச்சு. இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. நான் தப்பா எழுதி வச்சிருந்தேன், அது அதும்படி செஞ்சுது. தப்பு என்னுது.”

ரங்கன் ஓரடி முன்னால் வந்து, “பிள்ளைங்களுக்கு எதனா ஆவுமா நர்சம்மா?” என்றார்.

“தொடை கொஞ்சம் அதிகமா வீங்கியிருக்கும். வேற கெடுதல் இல்ல. ஆனா காப்பும் இல்ல. திரும்பவும் போடணும்.”

சந்திரன் என்று ஒருவன், ஆறு மாசப் பெண் குழந்தையைத் தோளில் போட்டு நின்றிருந்தவன், “எங்க பிள்ளைங்க இன்னா ஆட்டுக்குட்டியா? ஒரு தடவ குத்திப் பாப்பீங்க, சரியில்லன்னா இன்னொரு தடவ குத்துவீங்களா?” என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழந்தையோடு போய்விட்டான். இரண்டு பெண்கள் அவன் பின்னால் எழுந்து நின்றார்கள். நான் சொன்ன மாதிரியே ஆகப்போகிறது என்று அபிநயாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வெள்ளையம்மாள் எழுந்தாள். நாலு பிள்ளை பெற்றவள், கடைசிக் கைக்குழந்தை இடுப்பில். “நர்சம்மா, நீ வந்து சொல்லலன்னா எங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

“அப்ப ஏன் சொன்ன?”

சிஸ்டர் என் கையிலிருந்த பெட்டியைத் திறந்து, ஓர் ஐஸ் பாக்கெட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். “காதுல வச்சு ஆட்டு. இன்னா கேக்குது?”

“தண்ணி ஆடுது.”

“அது ஆடணும். ஆடலன்னா நான் கொண்டாந்தாலும் சரி, டாக்டரே கொண்டாந்தாலும் சரி, பிள்ளைய நீட்டாத. அடுத்த தடவ நான் வந்து சொல்லித்தான் உனக்குத் தெரியணும்னு இருக்கக் கூடாது.”

பாக்கெட் கைக்குக் கை போயிற்று. ஒவ்வொருத்தியும் காதில் வைத்து ஆட்டினாள். எழுந்து நின்ற இரண்டு பெண்களும் திரும்பி வந்து ஆட்டிப் பார்த்தார்கள். ரங்கனும் ஆட்டினார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. பதினாலு வருஷத்தில் அந்தப் பெட்டியை நாங்கள் யாருக்கும் திறந்து காட்டியதில்லை.

திரும்ப ஊசி போட அடுத்த புதன்கிழமை போனபோது பதினோரு பேரில் பத்துப் பேர் வந்தார்கள். வராதது சந்திரன் குழந்தை.

மெமோ வந்தது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் விளக்கம் எழுதிக் கொடுத்தார், கண்டனத்தோடு விட்டார்கள். குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு அவர் சந்திரன் வீட்டுக்குக் கிளம்பினார். மூன்றாவது தடவை. வாசலில் நின்று, “சந்திரா, புதன்கெழமை வர்றோம். இஷ்டம் இருந்தா வா” என்பார், திரும்பிவிடுவார். ஜெபதுரைதான் மனசு கேட்காமல், அறுத்து வைத்த தேக்குச் சட்டத்தில் அந்த மெமோவையே போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அளவு கச்சிதமாக இருந்ததாம். சிஸ்டர் அதை வாங்கி, பழைய அட்டை இருந்த அதே இடத்தில் மாட்டினார். “பெட்டி கட்டறவங்க பார்த்துட்டுக் கட்டட்டும்” என்றார்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை அபிநயா தம்பி கல்யாணத்துக்கு லீவு. பெட்டியை நான் கட்டினேன். குளிர் இன்னும் விடவில்லை. வெளியே ஜீப்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். மூன்று பாக்கெட்டை ஆட்டிப் பார்த்தேன், சத்தம் வந்தது. நாலாவதும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்து மூடினேன். சிஸ்டரும் நானும் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட வாசலில் ஏழெட்டுப் பெண்கள். ஓரமாக, குழந்தையைத் தோளில் போட்டபடி சந்திரன்.

சிஸ்டர் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டார். அவன் குழந்தையை வெள்ளையம்மாளிடம் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, பெட்டியைத் திற என்று கையைக் காட்டினான். திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, காதில் வைத்து ஆட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதை இரண்டு தடவை ஆட்டினான்.

“சத்தம் வரல” என்றான்.

“இன்னா சந்திரா, நீ இன்னா டாக்டரா? குளிர்ல அப்படித்தான் இருக்கும், குடு இங்க” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சிஸ்டர் கையை நீட்டி வாங்கினார். ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பார்வையை வாங்கியதில்லை.

“இன்னைக்கு ஊசி இல்ல” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “இந்த மருந்தைத் தனியா வச்சிடுவோம். நாளைக்கு வேற கொண்டாறோம். சந்திரன் சொன்னது சரி.”

யாராவது திட்டுவார்கள் என்று பார்த்தேன். கொல்லை வேலையை விட்டு வந்தவர்கள் அவர்கள். வெள்ளையம்மாள் குழந்தையைச் சந்திரனிடம் கொடுத்தாள். “நாளைக்கு சீக்கிரமா வாங்க பாய், நல்லா ஆட்டிப் பார்த்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தேன். இறங்கி வரும்போது சிஸ்டர் எனக்கு முன்னால் நடந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பாதி வழியில் நின்று திரும்பி, “பார்த்தீங்களா பாய், அவன் ஆட்டினத?” என்றார். கண் கலங்கியிருந்தது. ஐம்பத்தாறு வயசுப் பெண்மணி, சான்றிதழ் பறிபோனபோது ஒரு சொட்டு விடாதவர், ஒரு பாக்கெட்டை ஒருவன் காதில் வைத்து ஆட்டியதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருந்தது.

நிலையத்துக்கு வந்ததும் அறிக்கைத் தாளை எடுத்து, மேற்பார்வை தன்னுடையது என்று தன் பெயரை எழுதப் போனார். தாளை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டேன். காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: ‘நான்கில் ஒன்றை ஆட்டிப் பார்க்கவில்லை. அமீனுல்லா, மருந்தாளுநர்.’ மார்கழியில் எழுதியிருக்க வேண்டிய பெயர்.

எச்சரிக்கைக் கடிதம் பத்து நாளில் வந்தது. அதுதான் அந்த இரண்டாவது காகிதம். ஜெபதுரையிடம் நானே கேட்டுச் சட்டம் போட்டேன். மாட்டியதும் போட்டோ எடுத்துத் தஸ்லீமுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“திட்டி லெட்டர் குடுத்திருக்காங்க, அதைப் போட்டோ புடிச்சு அனுப்புறீங்க. இதுல இன்னா பெருமை?”

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், உங்களிடம் சொன்ன மாதிரியே. நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. தஸ்லீமைத் தெரிந்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். சொல்லி முடித்ததும் கேட்டாள்:

“அந்த சந்திரன் பிள்ளைக்குப் போட்டாச்சா?”

“மறுநாளே போட்டாச்சு. வரிசைல முதல் ஆளா நின்னான். நாலு பாக்கெட்டையும் ஆட்டிப் பார்த்துட்டு, பிள்ளைய மடியில வச்சுக்கினு, வலிக்குமான்னு கேட்டான்.”

“சிஸ்டர் இன்னா சொன்னாங்க?”

“வலிக்கும்னாங்க” என்றேன்.